மண்ணின் ருசி

பிரெஞ்சு ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் சொல் 'தெர்வார்'. மண், சரிவு, வெயில், மழை எல்லாம் சேர்ந்த ஒன்று. ஒயினின் குணத்துக்கு அதுவே காரணம் என்கிறார்கள். நானும் வெகுநாள் நம்பினேன். இப்போது பாதிதான் நம்புகிறேன்.

குணங்கள் வேறுபடுவது உண்மை. பர்கண்டியின் சிவப்பு பினோ நுவார் என்ற ஒரே திராட்சையிலிருந்து வருவது. நிறம் மெல்லியது, வாசனை அதிகம். போர்தோவின் சிவப்பு கேபர்னே சோவின்யோன், மெர்லோ முதலியவற்றின் கலப்பு. நிறம் அடர்ந்தது, இளமையில் துவர்ப்பது. வெள்ளையில் ஷப்லி புளிப்பும் இறுக்கமுமானது. அதன் சுண்ணாம்பு மண்ணில் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. சோதெர்ன், பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழத்தின் இனிப்பு.

ஆனால் பர்கண்டியில் பினோ நுவார் தானாகத் தனித்து நின்றுவிடவில்லை. 1395இல் பிலிப் கோமகன் காமே கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். அதே காமே தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் இன்றும் செழிப்பாக இருக்கிறது. போர்தோவின் மெதோக் பகுதியில் சதுப்பு அதிகம்; 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் நீரை வடித்தார்கள். 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் ஒயின்களைத் தரவரிசைப்படுத்தியபோது அளவுகோலாக இருந்தது சந்தை விலை. சிவப்பில் ஐந்து படிகள். 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது. மண் அதேதான்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸரா என்ற பூச்சி பிரான்சின் கொடிகளை வேரில் தாக்கி அழித்தது. கடைசியில் கண்ட வழி, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. ஆக, இன்று பிரெஞ்சு மண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க வேர்.

எல்லைக்கோடு சோற்றுப் பிரச்சினையும்கூட. 1908இல் ஷாம்பேனுக்கு எல்லை வகுத்த அரசு ஓப் மாவட்டத்து விவசாயிகளை வெளியே விட்டது. 1911இல் கலகம் மூண்டது. 1927இல் சட்டம் அவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட வருஷங்களில் அவர்கள் மண் மாறிவிடவில்லை. 1935இல் ஒயின் பிரதேசங்களின் பெயர்களைக் காக்கத் தேசிய அளவில் சட்டம் வந்தது.

மண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஷப்லியின் புளிப்பை ஆணை போட்டு வரவழைக்க முடியாது. ஆனால் எதை நடுவது, எதைப் பிடுங்குவது, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள். கோமகன், தரகன், கலகம் செய்த விவசாயி எல்லோரும் அதில் உண்டு. 'மண்ணின் ருசி' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும்போது இவர்கள் காணாமல் போகிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.