பல்லக்கில் போனவரும் கப்பலில் போனவர்களும்



சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கோலசிலாங்கூர் மெலாவாத்திக் குன்றுக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். பீரங்கிகளைக் காட்டி, 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்ததையும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். குரங்குக்குக் கச்சான் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் திரும்பி, "சார், அப்போ நம்ம ஆளுங்க எங்க சார் இருந்தாங்க?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். நம் முன்னோரில் பெரும்பாலோர் கங்காணி பின்னால் கப்பலேறி வந்தது அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் அந்த 18-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் ஏழைகள் கடல் கடந்து போயிருக்கிறார்கள். போனார்கள் என்பதைவிடக் கொண்டு போகப்பட்டார்கள் என்பதே சரி. அதற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. எழுதி வைத்தவரோ ஏழையல்லர், பெரிய பணக்காரர்.

அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியோடு வாணிகம் செய்து, கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர். பல்லக்கில் மேளதாளத்தோடு போகும் உரிமை பெற்றவர். 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார். அவர் மாளிகை புதுச்சேரியில் இன்றும் நிற்கிறது. 1736 முதல் 1761-இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். இலக்கணத் தமிழில் அல்ல, நாம் வீட்டில் பேசுவதுபோல் பேச்சும் எழுத்தும் கலந்த நடையில். 'எனக்கு எழுத வராது' என்று சொல்லும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

துணி விலை, கப்பல் வரவு, கவர்னர் வீட்டுப் பேச்சு இவற்றோடு 1743-இல் ஒரு செய்தியும் எழுதியிருக்கிறார். ஊரில் ஆள்பிடிக்கும் கும்பல் ஒன்று பிடிபட்டது. ஏழை எளியவர்களை ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்து, வீட்டில் அடைத்து வைத்து, இரவோடு இரவாகக் கப்பலேற்றி அடிமைகளாக அனுப்பியிருக்கிறார்கள். அக்காலத்தில் மொரீசியசுத் தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே துறைமுகம் கட்டவும் தோட்டத்தில் உழைக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஆள் வேண்டுமென்றால் யாரைப் பிடிப்பார்கள்? பல்லக்கில் போகிறவரையா?

நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் சரித்திரக் கதைகளில் ராஜாவும் இளவரசியும் குதிரையும்தான் வருகின்றன. நானும் அவற்றைச் சோறு தண்ணி மறந்து படித்தவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவன் பெயர் எதிலும் இல்லை. புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. அவற்றில் கவர்னரும் வருகிறார், சாதாரண சனங்களும் வருகிறார்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் படிக்கலாம். சில பகுதிகள் பெரியவர்களுக்கானவை, ஆகையால் பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

சுற்றுலா முடிந்து வந்ததும் வகுப்பில் ஒரு கதை எழுதச் சொன்னேன். ஆண்டு 1743, புதுச்சேரி, பூட்டிய வீட்டுக்குள் ஒரு சிறுமி. பையன்கள் பலரும் கத்தியோடு வீரனை அனுப்பிக் கதவை உடைத்துவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் அந்தச் சிறுமி மடியில் ஒரு பித்தளைச் செம்பை வைத்திருந்தாள் என்று எழுதியிருந்தாள்.

"கடத்திட்டு வந்த பிள்ளைகிட்ட செம்பு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒளிச்சு வச்சிருப்பா சார். எங்க பாட்டியோட அம்மா கப்பல்ல வர்றப்ப அதத்தான் கொண்டாந்தாங்களாம்."

மறுநாள் அந்தச் செம்பைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கே எடுத்து வந்துவிட்டாள். அடியில் ஒரு பெயர் வெட்டியிருந்தது, பாதி தேய்ந்துபோய். வகுப்பே கூடி அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.