மூக்கைப் பொத்திக்கொண்டு தூவுங்கோ: டயட்டம் மண்ணின் கதை

அழுக்கணவன் பிடித்த பயிற்றங்கொடிக்கு அம்மம்மா அடுப்புச் சாம்பல்தான் தூவுவா. விடிய வெள்ளன, இலையில் பனி ஈரம் காயமுதல். தூவும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்ளுவா. சாம்பல் எப்படிப் பூச்சியைக் கொல்லுது எண்டு நான் அவவிடம் கேட்டதில்லை. மூக்கை ஏன் பொத்துறா எண்டும் கேட்டதில்லை.

இப்போது வீட்டுத்தோட்டம் செய்கிற எங்கட வயது ஆக்கள் சாம்பலுக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தூளைப் பற்றிக் கதைக்கிறார்கள். பெயர் டயட்டம் மண். இரசாயனம் இல்லை, நஞ்சு இல்லை, முழுக்க முழுக்க இயற்கை, அதனால் பயப்படத் தேவையில்லை என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் சிறப்பு. முதல் மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. கடைசிக்கு வரலாறு வேறு பதில் சொல்கிறது.

கிணற்றுக்குள் கிடைத்த தூள்

டயட்டம்கள் கடலிலும் குளத்திலும் வாழும் ஒற்றைக்கல அல்காக்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் ஓர் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். கண்ணாடி செய்கிற அதே சிலிக்காதான். ஓடு முழுக்க நுண்ணிய துளைகள். உயிர் போனதும் உள்ளே இருந்தது உக்கிப்போக, ஓடு மட்டும் அடியில் படியும். அப்படிக் காலங்காலமாகப் படிந்து படிந்து உண்டான படிவுதான் டயட்டம் மண். விரலால் நசித்தால் மாவாகிவிடும்.

1836 இல் ஜேர்மன் அறிஞர் கிறிஸ்டியான் எரன்பேர்க், பொஹீமியாவின் பிலின் என்ற இடத்துக் கல்லை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். கல் என்று நினைத்தது முழுக்க நுண்ணுயிர்களின் ஓடுகள். ஒரு கன அங்குலத்தில் 4,100 கோடி ஓடுகள் இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் வட ஜேர்மனியின் லூனபேர்க் புல்வெளிப் பகுதியில் கிணறு வெட்டியபோதும் இதே வெள்ளை மண் வெளியே வந்தது. ஜேர்மானியர் அதைக் கீசல்கூர் என்றார்கள். முதலாம் உலகப் போர் வரைக்கும் உலகச் சந்தைக்குப் போன டயட்டம் மண்ணில் பெரும்பகுதி அந்தப் பகுதியிலிருந்தே போனது.

இந்த மண்ணின் பெரிய திறமை உறிஞ்சுவது. ஓட்டில் அவ்வளவு துளைகள் இருக்கிறபடியால் தன் எடையைவிடக் கூடுதலான திரவத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் திறமையைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் அல்பிரட் நோபல். நைட்ரோகிளிசரின் என்ற திரவ வெடிமருந்து சின்ன அதிர்ச்சிக்கும் வெடிக்கும். 1864 இல் ஸ்டொக்ஹோமில் நடந்த வெடிப்பில் நோபலின் தம்பி எமிலும் இன்னும் சிலரும் செத்தார்கள். அந்தத் திரவத்தை ஏறத்தாழ மூன்று பங்குக்கு ஒரு பங்கு கீசல்கூரில் ஊறவைத்தால் கையாளக்கூடிய பசையாகும் என்று நோபல் கண்டார். 1867 இல் அதற்கு உரிமம் எடுத்தார். அதுதான் டைனமைட்.

அதே மண் உயிரையும் காப்பாற்றியது. 1892 இல் ஹம்பேர்க் நகரில் கொலரா பரவியபோது, வில்ஹெல்ம் பேர்க்கஃபெல்ட் கீசல்கூரால் செய்த வடிகட்டிகள் குடிதண்ணியைச் சுத்தம் செய்ய உதவின. பிறகு பியர், சீனிப்பாகு, நீச்சல் தடாகத் தண்ணி எல்லாவற்றையும் வடிகட்ட இந்தத் தூள் போனது. நல்ல வடிகட்டியாக்க அதைச் சூளையில் வைத்துக் கடுமையாகச் சுடுவார்கள். இந்தச் சூளையை ஞாபகத்தில் வைத்திருங்கோ, திரும்ப இங்கேதான் வரப்போகிறோம்.

பூச்சி எப்படிச் சாகுது?

பூச்சியின் உடம்புக்கு மேல் மெல்லிய மெழுகுப் படை ஒன்று இருக்கிறது. உடம்புத் தண்ணி ஆவியாகிப் போகாமல் காப்பது அதுதான். 1944 இல் பிரித்தானியப் பூச்சியியலாளர் வின்சன்ட் விகிள்ஸ்வோர்த், நஞ்சே இல்லாத சில தூள்கள் பூச்சியைக் கொல்லுவது எப்படி என்று எழுதினார். தூள் அந்த மெழுகைச் சுரண்டிவிடுகிறது, பூச்சி தண்ணியை இழந்து காய்ந்து சாகிறது என்பது அவருடைய விளக்கம். பிறகு கலிபோர்னியாவில் வால்டர் எபலிங் போன்றவர்கள், சுரண்டுவதைவிட மெழுகை உறிஞ்சி எடுப்பதே முக்கியம் என்று காட்டினார்கள். எப்படிப் பார்த்தாலும் பூச்சி இதைத் தின்னத் தேவையில்லை. மேலே பட்டாலே போதும்.

எங்களுக்குக் கிட்ட மைசூரிலும் இந்த வேலை நடந்தது. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 இல் அங்கே தொடங்கியபோது அதன் முதல் பணிப்பாளராக இருந்தவர் வி. சுப்ரமணியன். அவரும் சக ஆய்வாளர்களும் பதப்படுத்திய களிமண், கரித்தூள் ஆகியவை பூச்சியைக் கொல்லுவது பற்றி 1959 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். துவரைக்குச் செம்மண் பூசிக் காயவைத்து எடுத்துவைப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய வழக்கம். எங்கட பக்கம் சாம்பல். ஆய்வுகூடத்தில் பெயர் வைக்க முதலே வீடுகளில் கைப்பழக்கமாக இருந்த அறிவு இது.

அப்படியென்றால் இவ்வளவு காலமும் இந்தத் தூள் ஏன் எங்கட தோட்டத்துக்கு வரவில்லை? காரணம் டி.டி.டி. அதன் பூச்சிகொல்லும் சக்தியை 1939 இல் போல் முல்லர் கண்டுபிடித்தார். விலை குறைவு, ஒருக்கால் அடித்தால் நாள்கணக்காக வேலை செய்யும். இலங்கையிலும் 1940களின் நடுப்பகுதியிலிருந்து மலேரியாவுக்கு எதிராக வீடு வீடாக அடித்தார்கள், எத்தனையோ உயிர்கள் தப்பின. மெதுவாகக் கொல்லும் தூள்களுக்குப் பிறகு மதிப்பு இருக்கவில்லை. முல்லருக்கு 1948 இல் நோபல் பரிசு கிடைத்தது. டயட்டம் மண்ணை வைத்து உழைத்த காசில் உண்டான பரிசு, அதே மண்ணை ஒதுக்கிவைத்த மருந்துக்குப் போனது.

டி.டி.டி.யின் மறுபக்கத்தை 1962 இல் ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' என்ற நூலில் எழுதினார். அதற்குப் பிறகு "நஞ்சில்லாத" வழிகளைத் தேடுவது கூடியது. அமெரிக்காவில் 1960 இலேயே பீடைகொல்லியாகப் பதிவு செய்யப்பட்டிருந்த டயட்டம் மண் திரும்பவும் வெளியே வந்தது.

சூளைக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

இந்தத் தூளைத் தோண்டி, அரைத்து, சுட்டு, மூட்டை கட்டியவர்களின் கதை பைக்கற்றில் வருவதில்லை.

டயட்டம் ஓட்டில் இருப்பது பளிங்குருவற்ற சிலிக்கா. மண்ணை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் அதன் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற பளிங்குச் சிலிக்காவாக மாறும். சோடாவும் சேர்த்துச் சுட்டால் அரைவாசிக்கு மேலும் மாறலாம். பார்க்க அதே வெள்ளைத் தூள்தான். ஆனால் சுவாசப்பைக்குள் போனால் கதை வேறு. உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அது தங்கின இடத்தில் தழும்பு உண்டாகி, மென்மையான சுவாசப்பை இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் என்று சொல்லுவார்கள். ஆறாத நோய்.

கலிபோர்னியாவின் லொம்பொக்கில் உலகத்தின் மிகப் பெரிய டயட்டம் படிவுகளில் ஒன்று இருக்கிறது. டயட்டம் தூளால் சிலிக்கோசிஸ் வருவது பற்றி 1932 இலேயே அமெரிக்க மருத்துவ ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். ஆனால் லொம்பொக் தொழிலாளர்களைப் பற்றிய பெரிய ஆய்வு 1993 இல்தான் வெளிவந்தது. 2,570 பேருடைய பதிவுகளை எடுத்துப் பார்த்ததில், சுவாசப்பைப் புற்றுநோயாலும் வேறு சுவாச நோய்களாலும் செத்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். தூசு படப்பட ஆபத்தும் கூடியது. முதல் எச்சரிக்கைக்கும் இந்தக் கணக்குக்கும் இடையில் அறுபது வருசம். அவ்வளவு காலமும் ஆக்கள் அந்தத் தூசுக்குள் வேலை செய்தார்கள்.

1997 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், வேலைத்தலங்களில் சுவாசிக்கும் பளிங்குச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. சுடாத, பளிங்குருவற்ற சிலிக்காவை வகைப்படுத்தச் சான்று போதாது என்று மூன்றாம் தொகுதியில் வைத்தது. இன்றைக்கு "தோட்டத்துக்குச் சுடாத தூள் மட்டும்" என்று நாங்கள் இலேசாகச் சொல்லுகிறோம். அந்த ஒரு வரியை எங்களுக்குத் தந்தது அந்தத் தொழிலாளர்களின் மூச்சு.

அப்ப தோட்டத்தில் என்ன செய்யிறது?

முதல் விசயம், நீச்சல் தடாக வடிகட்டிக்கு விற்கிற தூளைத் தோட்டத்துக்கு வாங்காதேங்கோ. அது பெரும்பாலும் சூளையில் சுட்டது. பளிங்குச் சிலிக்கா மிகக் குறைந்த, சுடாத தூள்தான் வேணும். லேபலில் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கானது என்று இருக்கிறதா, பளிங்குச் சிலிக்காவின் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கோ. இலங்கையில் பீடைகொல்லிகள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. பெயரும் லேபலும் இல்லாத பையில் வருகிற வெள்ளைத் தூளை "இயற்கை" என்ற ஒரு சொல்லுக்காக நம்பக்கூடாது.

சுடாத தூளும் தூள்தான். மூக்கு, தொண்டை, கண் எல்லாம் எரியும், தோல் காய்ந்துபோகும். தூசை மறிக்கிற நல்ல மாஸ்க் ஒன்றும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றில்லாத பின்னேரம் பார்த்துத் தூவுங்கோ. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் கிட்ட நிற்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஆளிடம் விடுவது நல்லது. கையால் அள்ளி எறியாமல், துளை போட்ட பேணியால் மெல்லிசாகத் தூவினால் போதும். குவித்து வைத்தால் பூச்சி சுற்றிப் போய்விடும், தூசு எழும்பி உங்களுக்குத்தான் வரும்.

இந்தத் தூளுக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. அழுக்கணவனைக் காய வைக்கிற மாதிரியே தேனீயையும் அழுக்கணவனைத் தின்னுகிற பொறிவண்டையும் காய வைக்கும். பூவில் தூவவே கூடாது. பூசணி, பாகல், பயிற்றை பூத்து நிற்கிற நேரம் அடித்தண்டிலும் நிலத்திலும் மட்டும், அதுவும் தேவையான இடத்தில் மட்டும். ஈரம் பட்டால் வேலை செய்யாது, காய்ந்த பிறகுதான் திரும்பச் செய்யும். மாரி மழைக்குள் தூவினால் காசுதான் தண்ணியோடு போகும்.

2021 இல் இரசாயனப் பசளைக்கும் பீடைகொல்லிக்கும் திடீரென்று தடை வந்து, அதே வருசம் நவம்பரில் தளர்த்தப்பட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அந்த நாட்களில் "இயற்கை" என்று சொன்னாலே கேள்வி கேட்கத் தேவையில்லை என்ற மாதிரி ஒரு கதை ஓடியது. டயட்டம் மண்ணும் இயற்கை, அதைச் சுட்டால் வருகிற கிறிஸ்டோபலைட்டும் இயற்கையில் இருக்கிற ஒரு கனிமம்தான். ஒரு தூளைக் கையில் எடுக்க முதல் கேட்கவேண்டியது வேறு: அது எப்படிச் செய்யப்பட்டது, எங்கே போய்ப் படியும், ஆர் அதைச் சுவாசிக்கப் போகினம்?

அம்மம்மாவுக்குக் கிறிஸ்டோபலைட் தெரியாது. விகிள்ஸ்வோர்த்தும் தெரியாது. ஆனால் செடிக்குப் போகவேண்டிய தூசு தன்ர நெஞ்சுக்குள் போகக்கூடாது எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருந்தது. சாம்பலோ டயட்டம் மண்ணோ, தூவ முதல் மூக்கைப் பொத்துங்கோ.