மெழுகு உருளையில் ஒரு ஹோம்வொர்க்

இன்னிக்கு எபிசோட் ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது. வேற யாரோடதும் இல்ல, என்னோடதுதான்.

2022-ல ஜெர்மன் பி1 தேர்வு எழுதினேன். வாசிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வாங்கணும். மூணுல தேறிட்டேன். பேசுறதுல 47.

அந்தப் பேச்சுத் தேர்வு எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முன்பின் தெரியாத ரெண்டு பேரை எதிரெதிரே உட்கார வைப்பாங்க. முதல் வேலை, ரெண்டு பேரும் பேசி ஒரு விஷயத்தைத் திட்டம் போடணும். எங்களுக்கு வந்தது, காலை உடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற நண்பரைப் போய்ப் பார்க்கிறது. நான் வசனம் மாதிரி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். "ஞாயிற்றுக்கிழமை போகலாமா?" என்று கேட்டேன். எதிரில் இருந்த பெண், "ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கு, முடியாது" என்றார். நான் முகமெல்லாம் சிரிப்போடு, "ரொம்ப நல்லது! அப்ப ஞாயிற்றுக்கிழமையே சந்திப்போம்" என்றேன்.

அவங்க என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல.

அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் ஆன்லைன்ல படிச்சவன் நான். லாக்டவுன்ல சேர்ந்தது. ஒரு பேட்ச்ல 32 பேர், எல்லார் கேமராவும் ஆஃப். மேடம் கேள்வி கேட்பாங்க, நாங்க சாட்ல டைப் பண்ணுவோம். அந்த ஒன்றரை வருஷத்துல நான் மைக்கை ஆன் பண்ணி வாய் திறந்து பேசின நேரத்தை எல்லாம் கூட்டினால், ஒரு சினிமா இடைவேளைக்குக்கூடத் தேறாது. இலக்கணம் தெரியும். ஆயிரக்கணக்கில வார்த்தை தெரியும். ஒரு ஆள் எதிர்ல உட்கார்ந்து "முடியாது"ன்னு சொன்னா என்ன பண்ணணும்னு மட்டும் தெரியல.

ஃபெயிலான கடுப்புல, "இந்த ஆன்லைன் படிப்பே இப்படித்தான்"னு எல்லார்கிட்டயும் புலம்பிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. வாத்தியார் ஒரு ஊர்லயும் மாணவன் இன்னொரு ஊர்லயும் இருந்து மொழி படிக்கிறது இன்டர்நெட் கண்டுபிடிச்ச சமாச்சாரமா? தேடிப் பார்த்தேன். இந்தக் கதைக்கு கிட்டத்தட்ட 170 வயசு.

1856, பெர்லின். குஸ்தாவ் லாங்கென்ஷைட் என்று ஒரு இளைஞர். அதற்குச் சில வருஷம் முன்பு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்தவர். போன இடத்தில் மனுஷங்க நடுவில் நின்றும் யாரோடும் பேச முடியாமல் தவித்த அவமானம் அவருக்குள் தங்கிவிட்டது. தனக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த சார்ல் தூசான் என்ற ஆசிரியரோடு சேர்ந்து, வீட்டில் இருந்தபடியே பிரெஞ்சு கற்றுக்கொள்ளப் பாடங்களைக் கடிதம் கடிதமாக எழுதினார். எந்தப் பதிப்பாளரும் எடுத்துக்கொள்ளவில்லை. சரி, நானே போடுகிறேன் என்று சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். மஞ்சள் அட்டையில நீல நிற எழுத்து போட்ட லாங்கென்ஷைட் அகராதி பார்த்திருப்பீங்களே, அந்தக் கம்பெனி பிறந்த கதை இதுதான்.

அந்தக் கடிதங்களில் பிரெஞ்சு வரி இருக்கும். அதோடு, அதை எப்படி உச்சரிப்பது என்று தனிக் குறியீடுகளில் எழுதியிருக்கும். வார்த்தைக்கு வார்த்தை ஜெர்மன் அர்த்தமும் இருக்கும். இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் கடையில தொங்குற "30 நாட்களில் இந்தி" புத்தகங்கள். அதுலயும் இதேதான்: இந்தி வரி, தமிழ் எழுத்துல உச்சரிப்பு, பக்கத்துல அர்த்தம். காதில் கேட்காத ஒரு சத்தத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்ட முடியுமா என்பதுதான் லாங்கென்ஷைட் எடுத்துக்கொண்ட சவால். ஓரளவு முடியும். ஆனால் நீங்க தப்பா உச்சரிச்சா அந்தக் காகிதம் உங்களைத் திருத்தாது.

திருத்துற ஆள் வேணும்னு யோசிச்சவங்களும் இருந்தாங்க. 1873-ல் பாஸ்டன் நகரத்தில் ஆனா எலியட் டிக்னர் என்ற பெண்மணி, வீட்டில் இருக்கும் பெண்களுக்காக அஞ்சல் வழியில் ஒரு கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய அப்பா ஹார்வர்டில் பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேராசிரியராக இருந்தவர். மகளால் அதே ஹார்வர்டில் மாணவியாகச் சேர முடியாது. பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. டிக்னரின் சங்கத்தில் வரலாறு, அறிவியல், கலை, இலக்கியத்தோடு பிரெஞ்சும் ஜெர்மனும் உண்டு. புத்தகங்கள் தபாலில் போகும். படித்ததைப் பற்றி மாணவி மாதா மாதம் கடிதம் எழுத வேண்டும், அதற்குப் பொறுப்பான இன்னொரு பெண் பதில் எழுதுவார். அந்தப் பதில் அந்த ஒரு மாணவிக்காகவே எழுதப்பட்டது. என்னோட 32 பேர் பேட்ச்ல எனக்கு அப்படி ஒரு வரிகூட வந்ததில்லை. ஆனால் ஒன்று, இதெல்லாம் வாசிக்கவும் எழுதவும்தான். பேச்சு? அதற்குத் தபால்காரரால் என்ன செய்ய முடியும்?

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் என்று ஒரு ஊர். 'தி ஆஃபீஸ்' பார்த்தவங்களுக்கு பேர் தெரிஞ்சிருக்கும். அது நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத்தில் மேற்பார்வை வேலைக்குப் போக வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும். பகல் முழுக்க மண்ணுக்கடியில் வேலை செய்பவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்? சுரங்கத் தொழில் பத்திரிகை ஒன்றை நடத்திவந்த தாமஸ் ஃபாஸ்டர் என்பவர், 1891-ல் அவர்களுக்காக அஞ்சல் வழிப் பாடங்களைத் தொடங்கினார். அதுதான் பிறகு இன்டர்நேஷனல் கரெஸ்பாண்டென்ஸ் ஸ்கூல்ஸ் என்ற பிரம்மாண்டமான நிறுவனமாக வளர்ந்தது. 1900-களின் தொடக்கத்தில் அவர்கள் மொழிப் பாடத்திலும் இறங்கினார்கள்: பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ்.

எப்படித் தெரியுமா? எடிசனின் போனோகிராஃப் வைத்து. தட்டு இல்லை, மெழுகு உருளை. ஒரு டம்ளர் அளவு இருக்கும். அதில் ஆசிரியரின் குரல் பதிவாகியிருக்கும், சுமார் ரெண்டு நிமிஷம். புரியலன்னா திரும்பக் கேட்க அந்த மிஷின்ல தனியா ஒரு வசதியும் உண்டு. நம்ம 'பத்து செகண்ட் பின்னாடி' பட்டனோட தாத்தான்னு வெச்சுக்கோங்க. ஆனா விசேஷம் அது இல்ல. அந்தக் காலத்து போனோகிராஃப் கேட்க மட்டுமல்ல, பதியவும் செய்யும். அதனால் மாணவருக்கு வெற்று உருளைகளும் வரும். மாணவர் குழாய்க்குள் வாயை வைத்து, ஹோம்வொர்க்கைப் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ பேசிப் பதிந்து, அந்த உருளையை உடையாமல் பார்சல் கட்டி ஸ்க்ரான்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருத்தர் அதைக் கேட்டு, எங்கே நாக்கு பிசகியது என்று திருத்தி அனுப்புவார். பயன்படுத்திய மெழுகின் மேல்பரப்பைச் சீவிவிட்டால் மறுபடியும் பதியலாம்.

யோசிச்சுப் பாருங்க. ஏதோ ஒரு ஊர்ல, ராத்திரி வேலை முடிஞ்சு வந்த ஒருத்தர், தூங்குற வீட்டுல, குழாய்க்குள்ள ஜெர்மன் பேசிட்டு உட்கார்ந்திருக்கார். பதில் தபாலில்தான் வரும். ஆனா வரும். அவர் பேசினதை இன்னொரு மனுஷன் காது கொடுத்துக் கேட்டிருக்கார். 2022-ல ஃபைபர் கனெக்‌ஷன் வெச்சிருந்த எனக்கு அது கிடைக்கலன்னு நினைக்கும்போது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அடுத்து வந்ததெல்லாம் வேகம், மலிவு. அந்தத் திருத்தி அனுப்பும் காது மட்டும் காணாமல் போனது. லண்டனில் ஜாக் ராஸ்டன் 1901-ல் தொடங்கிய லிங்குவாஃபோன் பிறகு இசைத்தட்டுகளுக்கு மாறியது. தட்டில் கேட்கலாம், மாணவர் பதிய முடியாது. 1930-ல் வந்த அவர்களுடைய ஆங்கிலப் பாடத்தில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ஆமா, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' டோல்கீனேதான். அப்ப இன்னும் அந்தப் புகழ் எல்லாம் வரல. புகையிலைக் கடையில் சாமான் வாங்கும் உரையாடலை வாசித்திருக்கிறார். வேகமாகவும் முணுமுணுப்பாகவும் பேசுவார் என்று பேர் எடுத்த மனுஷர். அவரைக் கொண்டே உச்சரிப்புப் பாடம். 1943-ல் பிபிசி வானொலியில் ஆங்கிலப் பாடம் தொடங்கியது. தட்டு வாங்கவும் காசு வேண்டாம், ரேடியோ இருந்தால் போதும். ஆனால் ரேடியோவிடம் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்க முடியாதே. பிறகு கேசட், சி.டி.

2012-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது டூயோலிங்கோ. பச்சை ஆந்தையைக் கிண்டல் பண்றது ரொம்ப சுலபம், ஆனா அதோட தொடக்கத்தை நான் மதிக்கிறேன். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லூயிஸ் வான் ஆன், குவாத்தமாலாக்காரர். அந்த ஊரில் ஆங்கிலம் தெரிந்தால்தான் நல்ல வேலை, ஆங்கிலம் கற்கக் காசு இருந்தால்தான் முடியும். அமெரிக்காவில் படிக்கப் போவதற்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தன் நாட்டில் இடம் கிடைக்காமல், பக்கத்து எல் சால்வடாருக்கு விமானம் ஏறிப் போய் எழுதியதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதனாலதான் இலவசம். ஆரம்பத்தில் அந்த இலவசத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. மாணவர்கள் பயிற்சியாக மொழிபெயர்ப்பதை சிஎன்என், பஸ்ஃபீட் போன்ற நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பாக விற்பது. அது நிலைக்கவில்லை, விளம்பரமும் சந்தாவும் வந்தன. ஆந்தை உடனே பதில் சொல்லும், ஸ்க்ரான்டன் தபால் மாதிரி காக்க வைக்காது. சரியா, தப்பா, 'டிங்'. ஆனா அது ஒருநாளும் "ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லி என்னை மடக்கினதில்ல. என்கிட்ட 400 நாள் ஸ்ட்ரீக் இருந்துச்சு மக்களே. தேர்வு ஹால்ல அதை யாரும் கேட்கல.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தியாவில் ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே நிறுவனத்துக்கு இங்கே பேர் மேக்ஸ் முல்லர் பவன். அந்த மேக்ஸ் முல்லர் ரிக் வேதத்தையே பதிப்பித்தவர், ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. லைப்ஸிக், பெர்லின், பாரீஸ் என்று அங்கேயே சமஸ்கிருதம் படித்து முடித்தார். அப்ப தூரத்துல இருந்து மொழி படிக்க முடியாதுன்னு சொல்ல முடியாது. அவருக்குத் தேவைப்பட்டது சுவடியை வாசிப்பது. சுவடி குறுக்கே பேசாது.

என் கதைக்கு வரேன். ஃபெயிலானதை எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். வரிசையா அழுகிற எமோஜி வந்துச்சு. ஒரே ஒருத்தங்க மட்டும் போன் பண்ணாங்க. நாகர்கோவில்காரங்க, சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில ஐசியூ நர்ஸ், என்னைவிட அஞ்சு வயசு பெரியவங்க. ஒன்றரை வருஷம் ஒரே வகுப்பில் இருந்தும் அன்றைக்குத்தான் அக்காவின் குரலையே ஒழுங்காகக் கேட்டேன். எனக்கு ஜெர்மன் ஒரு ஆசை. அவங்களுக்கு அப்படி இல்லை. நர்ஸாக ஜெர்மனி போக பி2 வேண்டும், ஏஜென்சிக்குக் கட்டிய பணம் நகை அடகு வைத்த பணம். "மக்கா, எனக்கும் வாய் வரல்ல. பத்தரைக்கு டூட்டி முடியும். டெய்லி பேசுவோமா?"

மூணு மாசம் பேசினோம். அக்கா ஹாஸ்டலுக்கு நடந்து போகும் இருபது நிமிஷம், ஹார்ன் சத்தத்துக்கு நடுவில், ஜெர்மன் மட்டும். அக்காவோட பாணி ஒண்ணுதான்: நான் என்ன சொன்னாலும் மறுப்பாங்க. சினிமாவுக்குப் போகலாம்னா தலைவலி. கேக் வாங்கலாம்னா நண்பருக்குச் சுகர். ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம்னா, "விசிட்டிங் ஹவர்ஸ் முடிஞ்சாச்சு, வெளிய நில்லு" என்று நிஜ நர்ஸ் குரலில் ஒரு அதட்டல். முதல் வாரம் எல்லாத்துக்கும் "ரொம்ப நல்லது"ன்னேன். ரெண்டாவது வாரம் "ஏன்?"னு கேட்க ஆரம்பிச்சேன்.

பேசும் பகுதியை மட்டும் மறுபடி எழுதினேன். 78. அக்கா பி2 ரெண்டாவது முயற்சியில் தேறினாங்க. இப்ப பவேரியாவில ஒரு சின்ன ஊர்ல, முதியோர் வார்டுல வேலை. அங்கே போய் இறங்கியதும் முதல் அதிர்ச்சி, வகுப்பில் படித்த ஜெர்மனை அந்தத் தாத்தா பாட்டிகள் யாரும் பேசுவதில்லை. நாங்க ரொட்டிக்கு ப்ரோட்ஷன்னு படிச்சோம். அங்க அது ஸெம்மல். ஒரு தாத்தா மூணு தடவை கேட்டும் புரியாமல் அக்கா விழித்திருக்காங்க. அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்துவிட்டார்.

இப்பவும் வாரத்துக்கு ரெண்டு மூணு வாய்ஸ் நோட் வரும். வார்டில் கேட்டதைத் தன் குரலில் அப்படியே சொல்லிப் பதிந்து, "மக்கா, இது என்னதுன்னு பாரு" என்று. நேற்று வந்தது 14 செகண்ட். நாலு தடவை கேட்டேன், பிடிபடல. அதுல ஜன்னலைப் பத்தி ஏதோ இருக்கு, திறக்கச் சொல்றாங்களா மூடச் சொல்றாங்களான்னு தெரியல. அங்க இப்ப குளிர் வேற. பவேரியாப் பேச்சு தெரிஞ்சவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நான் அக்காவுக்குப் பதில் அனுப்பணும்.