புட்டியின் தழும்புகள் சொல்லும் காலம்

பழைய கண்ணாடிப் புட்டியின் வயதை அறிய விழைபவர் முதலில் நோக்க வேண்டியது அதன் நிறத்தை அன்று. உடலில் எஞ்சியுள்ள உற்பத்தித் தழும்புகளை. அடிப்பகுதியில் கண்ணாடி ஒடிந்த சொரசொரப்பான வடு இருந்தால், வாய் விளிம்பைச் செய்து முடிக்கும்வரை புட்டியை ஒரு கோலில் ஒட்டிப் பிடித்திருந்தனர் என்பது பொருள். ஐரோப்பிய, அமெரிக்கப் புட்டிகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இம்முறை பெரிதும் அருகியது. பக்கவாட்டு அச்சுக்கோடு கழுத்தோடு நின்றால், வாய் பெரும்பாலும் கையால் முடிக்கப்பட்டது. விளிம்பின் உச்சிவரை ஏறினால், பொறியில் வார்க்கப்பட்டது. மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் தானியங்கிப் பொறியை உருவாக்கியபின் பரவிய அடையாளம் இது.

இந்தியாவில் இவ்வளவு போதாது. இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டியில், வாயுவின் அழுத்தமே கோலிக்குண்டை உயர்த்தி ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடியது. இங்கிலாந்தில் உலோக மூடி அதனை வெளியேற்றிய பின்னும், தமிழகத்தில் கோலி சோடாவாகவும் தில்லியில் பண்டாவாகவும் அது நீடித்தது. ஒரே புட்டி மீண்டும் மீண்டும் கழுவி நிரப்பப்பட்டது. ஆகவே வடிவம் தோன்றிய காலம் வேறு. புட்டி புழங்கிய காலம் வேறு. மண்ணில் புதைந்த காலம் வேறு.

இவற்றுள் மூன்றாவதைப் புட்டி தனித்துச் சொல்லாது. அது கிடந்த மண்ணடுக்கும் உடன்கிடந்த பொருள்களுமே சொல்லும். தோண்டியெடுத்துத் துலக்கி அலமாரியில் வைப்பவர் இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைக்காவிட்டால், அழகிய பொருளொன்று மிஞ்சும். வரலாற்றுச் சான்று அழிந்துபோகும்.