மிஸ்ஸிசிப்பி: துரத்திவிட்டவர்களைச் சொல்லிப் பெருமைப்படும் மண்

அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கிறது மிஸ்ஸிசிப்பி மாநிலம். வெளியூர்க்காரர்கள் உள்ளே நுழையும் சாலையிலேயே, அமெரிக்க இசை பிறந்த இடம் இதுதான் என்று வரவேற்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ப்ளூஸ் பாடகர்கள் பிறந்த ஊர்களில் 2006 முதல் நினைவுப் பலகைகள் நடுகிறார்கள். பி.பி. கிங் பெயரில் இண்டியனோலாவில் 2008இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட், பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், பாடகர் மட்டி வாட்டர்ஸ், தொலைக்காட்சியின் ஓப்ரா வின்ஃப்ரே என்று பெருமைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. இவங்கள்லாம் எந்த ஊர்ல இருந்து பேர் வாங்கினாங்க?

ஒவ்வொருவராகப் பார்ப்போம். ஐடா வெல்ஸ் 1862இல் ஹோலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1878இல் மஞ்சள் காய்ச்சல் தாய் தகப்பன் இருவரையும் கொண்டுபோனது. பதினாறு வயதில் வாத்தியார் வேலைக்குப் போய்த் தம்பி தங்கைகளைக் காப்பாற்றினார். பிறகு பக்கத்து மாநிலமான டென்னஸியின் மெம்பிஸ் நகரம் போய்ப் பத்திரிகை நடத்தினார். 1892இல் அங்கே மளிகைக்கடை தொடர்பான தகராறில் மூன்று கறுப்பர்களை வெள்ளைக் கும்பல் கொன்றது. அதில் ஒருவர் இவருடைய நண்பர். பெண்களைக் காப்பாற்றத்தான் இந்தக் கொலைகள் என்று சொல்லப்பட்ட கதை பொய் என்று ஐடா எழுதினார். அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் அச்சகத்தை அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்ற நிலை. 1931இல் சிகாகோவில் இறந்தார். புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவருக்கு வந்தது 2020இல். செத்து 89 வருஷம் கழிச்சு!

ரிச்சர்ட் ரைட் 1908இல் நாச்சஸ் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா அடுத்தவன் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைத்தவர். மெம்பிஸில் வேலை பார்த்தபோது கறுப்பர்கள் நூலகத்தில் புத்தகம் எடுக்க முடியாது. கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரின் அட்டையைக் கேட்டு வாங்கி, இந்தப் பையனிடம் புத்தகம் கொடுத்தனுப்புங்கள் என்று அந்த வெள்ளைக்காரர் எழுதியதுபோலத் தானே ஒரு சீட்டு எழுதிக் கொண்டுபோனார். 'பிளாக் பாய்' தன்வரலாற்றில் இதைச் சொல்கிறார்.

எம்.ஏ. படிக்கும்போது விடுதியில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்க தாத்தாவுக்கு டீக்கடை பெஞ்சில் இடம் கிடையாது. உள்ளே யாராவது சத்தமாகப் பேப்பர் படித்தால், தள்ளி நின்று காதில் வாங்கித்தான் ஊர் உலகச் செய்தியைத் தெரிந்துகொண்டார். படிக்கிறதுக்கே திருட்டுத்தனம் பண்ண வேண்டியிருந்தவர்களின் வரலாறு எங்களுக்குப் புதுசா என்ன?

ரைட் 1927இல் சிகாகோ போனார். 1940இல் 'நேட்டிவ் சன்' நாவல் அவரைப் புகழின் உச்சியில் வைத்தது. அந்தப் புகழும் நிறவெறியிலிருந்து காப்பாற்றவில்லை. பாரிஸுக்குக் குடிபோய், 1960இல் அங்கேயே இறந்தார்.

மட்டி வாட்டர்ஸ் கிளார்க்ஸ்டேல் பக்கம் ஸ்டோவால் பண்ணையில் வேலை பார்த்தவர். 1941இல் நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க வந்தவர்கள் அவர் குடிசையிலேயே அவரைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். 1943இல் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். அந்தக் குடிசையின் மரச்சுவர்களை இன்று கிளார்க்ஸ்டேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். குடியிருந்தவனுக்குக் கிடைக்காத மரியாதை குடிசைக்குக் கிடைத்திருக்கிறது.

ஓப்ரா 1954இல் காஸியஸ்கோவில் பிறந்து, பாட்டியிடம் வளர்ந்து, ஆறு வயதில் வடக்கே மில்வாக்கியில் இருந்த அம்மாவிடம் போனவர். 1986 முதல் 2011 வரை அவர் நாடு முழுக்கப் பேசியது சிகாகோவிலிருந்து.

இவங்க மட்டுமில்ல. 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பர்கள் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினார்கள். பிழைப்புத் தேடிப் போனார்கள் என்று இதைச் சொல்லிவிடலாம். பாதி உண்மை. 1890இல் மிஸ்ஸிசிப்பி எழுதிக்கொண்ட அரசியல் சட்டம், தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று வைத்துக் கறுப்பர்களின் ஓட்டைப் பறித்தது. ஓட்டு இல்லை, நிலம் இல்லை, எதிர்த்துப் பேசினால் கயிறு. இருக்கவிடாமல் செய்துவிட்டுப் 'போனான்' என்று எழுதுவது ஆதிக்கக்காரனின் இலக்கணம்.

அதே மண்ணின் வெள்ளை எழுத்தாளர்களைப் பாருங்கள். 1949ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபாக்னருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் சொந்த வீடு. யூடோரா வெல்டி ஜாக்சனில் தன் வீட்டிலேயே 2001 வரை வாழ்ந்து எழுதினார். வெல்டியைக் குறை சொல்ல வரவில்லை. 1963 ஜூனில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலைகாரனின் மனசுக்குள் புகுந்து கதை எழுதிய நேர்மை அவருக்கு இருந்தது. ஆனால் எவர்ஸ் சுடப்பட்டதும் அதே ஜாக்சனில்தான், தன் வீட்டு வாசலில்தான். ஒரே ஊர், ரெண்டு வீடு.

டுபேலோவில் பிறந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு 1954இல் வந்தது. அதில் இருந்த பாட்டு, அதே மாநிலத்தில் பிறந்த ஆர்தர் குரூடப் என்ற கறுப்பருடையது. எல்விஸ் அரசரானார். குரூடப் உரிய பங்கு கைக்கு வராமலே 1974இல் போய்ச் சேர்ந்தார்.

இதற்கும் நமக்கும் உறவு உண்டு. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

மிஸ்ஸிசிப்பி மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் சின்னத்தை 2020இல் தன் கொடியிலிருந்து எடுத்தது. பலகைகளும் நல்லதுதான். ஆனால் இனி எந்த மண்ணின் பெருமைப் பட்டியலை நம் கையில் கொடுத்தாலும், ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் மூணு கட்டம் போடுவோம். எங்கே பிறந்தாங்க, எங்கே போய்ச் சேர்ந்தாங்க, ஏன் போனாங்க. மூணாவது கட்டத்தை அவர்கள் காலியாகத்தான் விடுவார்கள். அதை நாமதான் எழுதணும்.