அமெரிக்கப் பல்கலைக்கழகக் கற்றல் ஆய்வகங்கள்: தோற்றமும் திசைமாற்றமும்

படிப்பில் தடுமாறும் மாணவருக்குத் தனி ஏற்பாடு செய்வது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பழைய வழக்கம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1849இல் தன் பணியைத் தொடங்கியதே ஆயத்த வகுப்போடுதான். கல்லூரிப் பாடத்துக்குத் தேவையான அடிப்படையோடு வந்தவர்கள் அப்போது அங்கே குறைவு. பழம்பெருமை மிக்க ஹார்வர்டும் இதற்கு விலக்கன்று. அங்கு 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை சேர்க்கப்பட்டது, பலர் தேறவில்லை. 1885இல் கட்டுரைப் பயிற்சி முதலாண்டுப் பாடமாயிற்று. குறை மாணவரிடம் உள்ளது, அதை முதலில் களைய வேண்டும் என்பதே இரு ஏற்பாடுகளுக்கும் அடிப்படை.

அயோவா, மின்னசோட்டா பல்கலைக்கழகங்கள் 1930களில் எழுத்து ஆய்வகங்களை நடத்தின. மாணவர் எழுதும்போதே ஆசிரியர் அருகிலிருந்து திருத்த உதவுவது அவற்றின் முறை. 1944ஆம் ஆண்டுப் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் உதவியால் சுமார் 22 லட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரிகளில் சேர்ந்தனர். படிப்புத்திறன் பயிற்சிக்கு அதனால் தேவை பெருகியது. ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் வெளியிட்ட ஐந்து படி வாசிப்பு முறை (மேலோட்டம், வினா, வாசிப்பு, சொல்லிப்பார்த்தல், மீள்பார்வை) இன்றும் கற்பிக்கப்படுகிறது.

பர்டூ பல்கலைக்கழகத்தில் 1961இல் நடந்தது வேறு வகை. தாவரவியல் பேராசிரியர் சாமுவேல் போஸ்டில்த்வெய்ட், அடிப்படை போதாத மாணவருக்காக விரிவுரைகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். பின்னர் நாடாவோடு செடி, நுண்ணோக்கி, கையேடு ஆகியவையும் சேர்ந்தன. மாணவர் தடுப்பறையில் அமர்ந்து தமக்கேற்ற வேகத்தில் கற்றனர். துணையாக வந்தது முழுப் பாடத்தையும் நடத்தும் முறையாக மாறியது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் அந்நகரில் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லோருக்கும் இடமளித்தது. அதன் சிட்டி கல்லூரியில் எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திய மினா ஷாக்னசி, ஆயிரக்கணக்கான மாணவர் கட்டுரைகளைப் படித்து 1977இல் தம் நூலை வெளியிட்டார். பிழைகள் கவனக்குறைவால் மட்டும் வருபவை அல்ல, அவற்றுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு உண்டு என்று அதில் காட்டினார். அதே பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி கவனித்தது மற்றொன்று: ஆசிரியர் தரும் உதவியை நாடாத மாணவர்கள் சக மாணவரிடம் கேட்கத் தயங்கவில்லை. கட்டணம் இல்லாத உதவியும் கூச்சத்தால் வீணாகலாம் என்பதை இது காட்டியது எனலாம்.

உண்மையான திருப்பம் 1973இல் மிசூரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டது. டியன்னா மார்ட்டின் உருவாக்கிய துணைப் பயிற்சி, பலவீனமான மாணவரைத் தேடாமல் கடினமான பாடத்தைத் தேடியது. சுமார் 30 விழுக்காட்டினர் குறைந்த தரம் பெறும், தோற்கும் அல்லது பாதியில் விலகும் பாடங்களே அதன் இலக்கு. அப்பாடத்தில் நன்கு தேறிய மாணவர் ஒருவர் மீண்டும் வகுப்பில் அமர்ந்து, குறிப்பெடுத்து, வாரந்தோறும் கலந்துரையாடல் நடத்துவார். யாரும் வரலாம், எவருக்கும் கட்டாயமில்லை. நல்ல மதிப்பெண் பெறுபவரும் வந்ததால், வருவதே இழுக்கு என்ற நிலை மாறியது. அமெரிக்கக் கல்வித் துறை 1981இல் இதைச் சிறந்த திட்டமாக ஏற்றது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் பின்னர் வேறு பெயரில் பின்பற்றின.

பர்டூவில் மியூரியல் ஹாரிஸ் 1976இல் தொடங்கிய எழுத்து ஆய்வகம் 1994இல் தன் பயிற்சித்தாள்களை இணையத்தில் வைத்தது. அப்பல்கலைக்கழகத்தில் பயிலாத மாணவரும் ஆசிரியரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். நேரில் உட்கார்ந்து பேசும் ஆலோசனையும் அங்கே தொடர்கிறது.