பின்வளவுக் குன்றும் 0.02 செக்கனும்

1972 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11 ஆம் திகதி. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் இளம் உதவி ஆசிரியனாக நான் இரவுக் கடமையில் இருந்தேன். புதிய குடியரசு யாப்புப் பற்றிய செய்திகளே அந்நாட்களில் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தன. ஜப்பானின் சப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறுவதை எங்களில் எவரும் பொருட்படுத்தவில்லை. விளையாட்டுப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் நான்கு வரிக்கு இடம் மிஞ்சியது. ரெலிபிரிண்டர் சுருளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தெடுத்து மொழிபெயர்த்தேன். பாபரா ஆன் கொக்ரன் என்ற 21 வயது அமெரிக்க யுவதி பனிச்சறுக்கில் தங்கப் பதக்கம் வென்றார். இரண்டாமிடம் பெற்ற பிரெஞ்சு வீராங்கனையை 0.02 செக்கனால் முந்தினார் என்பது செய்தி.

எண்ணைப் பார்த்ததும் தந்தியில் பிழை புகுந்துவிட்டது எனத் தீர்மானித்தேன். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் ஆசிரியர்கள் நிறுத்தற் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி செக்கனின் பத்திலொரு பங்கு வரை கணக்கிடுவதையே நான் கண்டிருந்தேன். மலையிலிருந்து சறுக்கி வரும் இருவரை நூறில் இரண்டு பங்கால் பிரித்தறிய முடியும் என்பதை மனம் ஏற்கவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு பூச்சியத்தை வெட்டி, 0.2 என்று திருத்தி, அச்சுக்கோப்பவரிடம் அனுப்பிவிட்டேன்.

அதே ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில், 400 மீற்றர் தனிநபர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் ரிம் மக்கீயை ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கால் வென்றார் என்ற செய்தி வந்தபோதுதான் பெப்ரவரியில் பிழைவிட்டது தந்தியல்ல, நானே என்பது உறைத்தது. திருத்தம் வெளியிடுமாறு கேட்க வெட்கமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அது யாருக்கு வேண்டும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஐம்பது ஆண்டுகள் கடந்தன. 2022 பெப்ரவரி 8 ஆம் திகதி பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்களுக்கான சுப்பர் ஜீ போட்டியில் ஒஸ்திரியாவின் மத்தியாஸ் மாயர் தங்கம் வென்றிருந்தார். அவரிடம் 0.04 செக்கனால் தோற்று வெள்ளி பெற்றவரின் பெயர் ரயன் கொக்ரன் சீகிள். குடும்பப் பெயர் எங்கேயோ இடறியது. பாபரா ஆனின் மகன்தான். இம்முறை எண்ணைத் தொடவில்லை, பெயரைப் பின்தொடர்ந்தேன். நான் வாழ்நாளில் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியவனல்லன். எனினும் அந்தத் தேடல் என்னை விட்டபாடில்லை.

அது இட்டுச் சென்ற இடம் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மொண்ட் மாநிலத்தில் ரிச்மண்ட் என்னும் சிற்றூர். மிக்கி கொக்ரன் ஒரு பொறியியலாளர்; பேர்லிங்டனில் ஜெனரல் இலெக்ரிக் தொழிற்சாலையில் வேலை. அவரும் மனைவி ஜினியும் அங்கே குன்றுச் சரிவோடு கூடிய ஒரு பழைய பண்ணையை வாங்கினர். 1961 இல் வீட்டின் பின்வளவில் சுமார் 400 அடி நீளத்துக்கு இழுகயிறு ஒன்றை மிக்கி பொருத்தினார். மரிலின், பாபரா ஆன், பொப், லிண்டி என்ற நான்கு பிள்ளைகளும் பாடசாலை விட்டு வந்ததும் பயிற்சி செய்வதற்காகவே அந்த ஏற்பாடு. இருட்டிய பின்னரும் ஓடுவதற்கு மின்விளக்குகளையும் நட்டார். சில நாட்களில் அயற்பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். குளிரில் விறைத்தவர்களுக்கு ஜினியின் அடுக்களையே தங்குமடம்.

ஒலிம்பிக் வீரர்கள் பிறக்க வானளாவிய மலைகள் வேண்டும் என்றே நான் நினைத்திருந்தேன். கொக்ரன் குன்றின் சரிவோ இன்றும் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 350 அடி உயரந்தான். அந்தச் சிறுமையே அதன் பலம் என்பதுதான் எனக்குப் புலப்பட்ட விடயம். பெருமலையில் கம்பிவடத் தொட்டிலுக்கு வரிசையில் நின்று, ஏறி, இறங்குவதற்குள் நேரம் போய்விடும். இங்கே வரிசை இல்லை. கயிற்றைப் பற்றினால் மேலே, அடுத்த நிமிடம் மூங்கில் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து கீழே, மறுபடியும் கயிறு. விட்ட பிழையைக் கால் மறப்பதற்குள் அதே வளைவில் அதைத் திருத்திவிடலாம். சங்கீதம் பயிலும் பிள்ளை ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பாடுவதைப் போன்றது அது.

மிக்கி கற்பித்தவற்றுள் ஒன்று புறப்பாடு. ஓட்டத்தின் தொடக்கத்தில் வீரரின் கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு சிறு கோல் குறுக்கே நிற்கும். கால் அதைத் தள்ளித் திறக்கும் கணத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கும். அப்படியாயின், முதலில் உடலின் மேற்பாதியை முன்னே எறிந்து, கால்களைக் கடைசியாக விடுவித்தால், கடிகாரம் விழிக்கும்போது உடல் ஏற்கெனவே வேகம் பிடித்திருக்கும் அல்லவா? பொறியியலாளர் ஒருவருக்கே தோன்றக்கூடிய கணக்கு இது. இதனைப் பின்வளவில் பிள்ளைகளுக்குப் பழக்கினார்.

சப்போரோவில் அன்று காலநிலை மோசம். புறப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓட்டத்தை முடிக்கவில்லை. முதலாவது ஓட்டத்தில் பாபரா ஆன் 0.03 செக்கனால் முன்னணி. இரண்டாவதில் பிரான்ஸின் டனியேல் டெபெர்னார் 0.01 செக்கன் வேகமாக வந்தார். மிஞ்சியது 0.02. தந்தை பழக்கிய புறப்பாடு இல்லாதிருந்தால் அது மிஞ்சியிருக்குமா என்பதை யாரும் நிறுவ முடியாது. நான் இல்லை என்றே நம்புகிறேன். மலைச்சறுக்கில் அதற்கு முன் அமெரிக்கருக்குக் கிடைத்த கடைசி ஒலிம்பிக் தங்கங்கள், 1952 இல் ஒஸ்லோவில் அன்ட்ரியா மீட் லோரன்ஸ் வென்ற இரண்டுமே. அவரும் வெர்மொண்ட்காரர், 1937 இல் பீக்கோ மலையில் சறுக்குத் தளம் திறந்த பெற்றோரின் மகள்.

மூத்தவள் மரிலின் 1969 இலேயே உலகக் கிண்ணப் பெருஞ்சிலாலம் பட்டத்தை வென்றிருந்தாள். மரிலினும் பொப்பும் பாபரா ஆனோடு சப்போரோவில் ஓடினர். லிண்டி 1976 இல் இன்ஸ்புறூக்கில் ஓடினாள். ஓர் அடுக்களையிலிருந்து நால்வர்!

ஆனால் இந்தக் குன்று தனித்து முளைத்ததன்று. 1934 சனவரியில் அதே வெர்மொண்டின் வூட்ஸ்ரொக் ஊரில், ஒரு கமக்காரரின் மேய்ச்சல் நிலத்தில், பழைய போட் மொடல் ரீ மோட்டார் வண்டியின் இயந்திரத்தால் சுழலும் கயிறு ஒன்று பூட்டப்பட்டது. அமெரிக்காவின் முதலாவது இழுகயிறு அதுவே. பழைய இயந்திரம், கயிறு, சில சக்கரங்கள், சரிவான காணி. வேறு முதல் வேண்டியதில்லை. கமக்காரர்களும் ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் தத்தம் குன்றுகளில் கயிறு பூட்டினர். ஏழைப்பிள்ளையும் பனிச்சறுக்குப் பழகக் கிடைத்த காலம் அது.

அவை அழிந்த கதையைப் பத்திரிகைகள் அவ்வளவாக எழுதவில்லை. நெடுஞ்சாலைகள் வந்ததும் மக்கள் பெரிய மலைகளை நாடினர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி. பனி பொய்த்த குளிர்காலங்கள். செயற்கைப் பனி இயந்திரம் வாங்கச் சிறியவர்களிடம் பணமில்லை. 1977 இல் வெர்மொண்டின் பெரிய சறுக்குத் தளம் ஒன்றில் விழுந்து உடல் செயலிழந்த இளைஞருக்கு 15 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்குமாறு யூரிமார் தீர்ப்பளித்தனர். அந்த இளைஞருக்கு நேர்ந்ததை எண்ணினால் தொகையைக் குறைகூற மனம் வராது. ஆயினும் அதன்பின் காப்புறுதிக் கட்டணம் ஏறிய ஏற்றத்தை ஒற்றைக் கயிற்றுக் குன்றுகள் தாங்கவில்லை. நியூ இங்கிலாந்துப் பகுதியில் மட்டும் மூடப்பட்ட சறுக்கு இடங்கள் 600 ஐத் தாண்டும். காடு மீண்டும் வளர்ந்த சரிவுகளில் துருப்பிடித்த சக்கரங்கள் கிடக்கின்றன.

கொக்ரன் குன்று தப்பியது 1998 இல் எடுத்த ஒரு முடிவால். குடும்பம் அதனை இலாபநோக்கற்ற நிறுவனமாக மாற்றியது. காசில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் திருப்பி அனுப்பப்படலாகாது என்பது அதன் நியதி. தங்கம் வென்ற பாபரா ஆன், மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பெற்றோரே கற்பிக்கும் முறையை அங்கே நடத்தினார். பொப்பின் மகன் ஜிமி, 2006 இலும் 2010 இலும் ஒலிம்பிக்கில் ஓடியவர், பின்னர் அதே குன்றின் முகாமையாளரானார். சிறுவர்க்கு 'லொலிபொப்' ஓட்டம் என்று ஒன்று உண்டு; முடிவுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குச்சி மிட்டாய்.

இனி, என் கடன். அந்நாளிதழின் பழைய பிரதிகளில் அப்பக்கம் இன்றும் எங்கேனும் இருக்கக்கூடும். கண்ணிற்படுவோர் திருத்தி வாசிக்கவும்: சப்போரோ, 11.02.1972, பெண்களுக்கான சிலாலம். பாபரா ஆன் கொக்ரன், 1 நிமிடம் 31.24 செக்கன். டனியேல் டெபெர்னார், 1 நிமிடம் 31.26 செக்கன். வித்தியாசம் 0.02.